மலாவிக்குப் போன ஈரம்

நாட்குறிப்பில் நான் இரண்டு மைகளைப் பயன்படுத்துகிறேன். அலுவலகத்தைப் பற்றியது நீலத்தில், மற்றதெல்லாம் கறுப்பில். மழை, மின்வெட்டு, ரயில் தாமதம், முழங்கால் வலி எல்லாம் கறுப்புக்குள் அடங்கிவிடும். இருபத்தாறு வருடப் பழக்கம்.

அந்த ஐப்பசிச் செவ்வாய்க்கிழமையின் பக்கத்தில் நீலத்தில் நான்கு வரிகள் இருக்கின்றன. "கம்ப்யூட்டர் 24. பேலட் 2. கட்டி முடித்தது 4.50. வண்டி புறப்பட்டது 5.35." அதற்குக் கீழே கறுப்பில் ஒரு வரி. "காலையிலிருந்து மழை. பலகைகள் ஈரம்."

நீல வரிகளை ஊருக்கெல்லாம் காட்டினேன். கறுப்பு வரியை ஆறு மாதம் யாருக்கும் காட்டவில்லை.

எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய ஒரு கிடங்கு நிறுவனத்தில் நான் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். எங்கள் அலுவலகத்தின் பழைய கம்ப்யூட்டர்களை மாற்றும் நேரம் வந்தபோது, அவற்றைக் காயலான் கடைக்குப் போடாமல், ஆப்பிரிக்கக் கிராமங்களில் இளைஞர்களுக்குக் கம்ப்யூட்டர் பயிற்சி தரும் ஓர் அறக்கட்டளைக்குக் கொடுப்பது என்று நிர்வாகம் முடிவு செய்தது. எங்கள் இருபத்துநான்கும் மலாவி நாட்டில் ஒரு கிராமத்துக்குப் போக வேண்டும். யார் பார்த்துக்கொள்வது என்று மேலாளர் கேட்டு முடிப்பதற்குள் நான் கை தூக்கிவிட்டேன்.

அதற்குக் காரணம் இருந்தது. நான் கம்ப்யூட்டர் கற்றது முப்பத்தொன்றாம் வயதில், தண்டையார்பேட்டையில் மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு பயிற்சி நிலையத்தில். ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். தலைக்கு இருபது நிமிடம். மற்ற நாற்பது நிமிடமும் அடுத்தவர் விரல்களைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். என் முறை வந்ததும் மின்சாரம் போன நாட்களை அன்றைய நாட்குறிப்பில் கறுப்பில் குறித்திருக்கிறேன். அதைக் கற்றிருக்காவிட்டால் இன்றும் நான் பேரேட்டில் எழுதிக்கொண்டிருக்கும் உதவியாளராகவே இருந்திருப்பேன்.

அந்தக் கிராமத்துப் பயிற்சி நிலையத்தை நடத்துபவர் அங்குள்ள மேல்நிலைப் பள்ளியின் கணக்கு ஆசிரியர். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. எங்களுக்குள் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் கடிதம். முதல் கடிதத்திலேயே எனக்கு ஒரு வீடியோ அனுப்பினார். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. பத்தொன்பது பேர் பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளுக்கொரு அட்டை; அட்டையில் அவர்களே பேனாவால் வரைந்த கீபோர்டு. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே விரல்கள் பழகிவிட வேண்டும் என்று ஒரு வருடமாக அட்டையில் தட்டச்சுப் பழகுகிறார்கள். முன்வரிசையில் மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண். பதினேழு வயதிருக்கலாம். அவள் அட்டையைப் பார்க்கவே இல்லை. கரும்பலகையைப் பார்த்தபடி தட்டினாள். அட்டையில் விரல்கள் விழும் சத்தம், ஓட்டுக் கூரையில் தூறல் விழுவதுபோல, வீடியோவில் நன்றாகக் கேட்டது. "இவள்தான் எங்களில் வேகம்" என்று ஆசிரியர் எழுதியிருந்தார். "உண்மையான கீபோர்டை இவள் இதுவரை தொட்டதில்லை."

நான் அந்த வேலையை என்னால் முடிந்தவரை ஒழுங்காகச் செய்தேன். திரையும் இயந்திரமும் ஒன்றாகவே இருக்கும் வகை அவை. ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தேன். பழைய தகவல்களை அழிக்கச் செய்து, இணையம் இல்லாமலே இயங்கும் பாடங்களை ஏற்றச் செய்தேன். ஒவ்வொன்றையும் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, தொடங்கிய நேரத்தையும் நிறுத்திய நேரத்தையும் எழுதி, திரையைப் படம் எடுத்தேன். அவர்கள் ஊரில் சுவர் பிளக்கில் மூன்று செவ்வகத் துளைகள் இருக்கும் என்று படித்து, அதற்கேற்ற இருபத்துநான்கு பிளக்குகளைப் பாரிமுனையில் தேடி வாங்கினேன். ஒரு பெட்டிக்கு இரண்டு வீதம், ஈரம் உறிஞ்சும் சின்னப் பைகள் நாற்பத்தெட்டு. சோதனை அறிக்கை மட்டும் பதினோரு பக்கம் வந்தது.

மழையை மட்டும் நான் எண்ணவில்லை.

எங்கள் கிடங்கில் பேக்கிங் பிரிவைப் பார்ப்பவள் காத்திவாக்கத்துக்காரி. என்னைவிட நான்கு வயது இளையவள். வீட்டில் கணவரும் மைத்துனரும் பைபர் படகில் கடலுக்குப் போகிறவர்கள். என்னை யக்கா என்று கூப்பிடுவாள். கோபம் வந்தால் நான் மேடம் ஆகிவிடுவேன்.

பேலட் என்பது பெட்டிகளை அடுக்கிக் கட்டும் மரப் பலகைத் தட்டு. எங்களிடம் அவை யார்டில் வெட்டவெளியில் கிடக்கும். கடல் முந்நூறு அடி தூரத்தில். வருடம் முழுக்க உப்புக் காற்றும் அனல்மின் நிலையச் சாம்பலும் அவற்றின் மேல் படிந்துகொண்டே இருக்கும். அன்று மூன்றாவது நாளாக மழை. அறக்கட்டளையின் கன்டெய்னர், மற்ற நன்கொடைச் சாமான்களோடு, டிரெய்லர் வண்டியில் எங்கள் வாசலில் வந்து நின்றுவிட்டது. இரவு எட்டு மணிக்குள் அது துறைமுகக் கேட்டைத் தாண்ட வேண்டும்.

"யக்கா, இந்தப் பேலட்டத் தொட்டுப் பாரு" என்றாள். "புழிஞ்சா ஒரு கொடம் தண்ணி வரும்."

"மேல பிளாஸ்டிக் விரிச்சு அடுக்கிடலாம்."

"விரிப்ப. அப்பாலிக்கா சுத்தி மூணு சுத்து சுத்துவ. உள்ள மாட்டிகின தண்ணி எந்தப் பக்கமாப் போவும்? ஈர வலையக் கோணில கட்டி ஒரு வாரம் வச்சுப் பாத்துகீறியா நீ? தொறந்தா மூக்கப் புடிச்சிகினு ஓடுவ."

"இது வலை இல்லம்மா."

"வலைன்னாகூட அலசிக் காயவச்சிக்கலாம்க்கா. இது கம்பூட்டரு."

"எத்தனை நாள் கேக்கற?"

"வெயிலடிச்சா ரெண்டு நாளு. நாளான்னிக்குக் கட்டலாம்."

டிரெய்லர் ஓட்டுநர் குடையில்லாமல் தலையில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். "யம்மா, கட்டறதுன்னா கட்டுங்க, இல்லாங்காட்டி ஆள வுடுங்க. எண்ணூர் ரோட்ல வண்டிங்க லைன் கட்டி நிக்குது. கேட்ட மூடிட்டான்னா ரெண்டு நாளைக்கு நான் வண்டியிலயே குந்திகினு சோறு துன்னணும்."

"நீ இன்னிக்கி நேத்தா வண்டியில துன்ற?" என்றாள் அவள். "பொறந்ததே டிரைவர் சீட்லதான."

"யம்மோவ், உன் வாய்க்கு ஒரு பேலட்டு தனியாப் போடணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனால் என் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. அடுத்த கப்பல் பன்னிரண்டு நாள் கழித்து. திறப்பு நாளை ஊரில் அறிவித்துவிட்டதாக ஆசிரியர் எழுதியிருந்தார். அவருக்காகத்தான் அவசரப்பட்டேன் என்று பிறகு பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியை அப்போது வாய்விட்டே சொன்னேன்.

"நான் இந்த சீட்டுக்கு வந்ததுலேருந்து ஒரு கப்பலையும் தவறவிட்டது கிடையாது. இன்னிக்கே கட்டு."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். "சரி மேடம்" என்றாள்.

ஒரு பேலட்டுக்குப் பன்னிரண்டு பெட்டி. மூன்று மூன்றாக, ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு வரிசை. எந்த எண் எந்த வரிசையில் என்று நான் பக்கத்தில் நின்று குறித்துக்கொண்டேன். மெல்லிய பிளாஸ்டிக் தாளை அவள் மூன்று சுற்று சுற்றினாள். சாம்பல் நுழையக் கூடாது என்று, நான் இன்னும் இரண்டு சுற்று சுற்றச் சொன்னேன்.

மலாவிக்குப் பக்கத்து நாட்டின் பெய்ரா துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து லாரியில் எல்லை தாண்டி, தை மாதத்தில் பெட்டிகள் ஊர் போய்ச் சேர்ந்தன. நான் திறப்பு விழாப் படத்துக்காகக் காத்திருந்தேன். வந்தது அறக்கட்டளை ஒருங்கிணைப்பாளரின் தொலைபேசி. இருபத்துநான்கில் ஏழுதான் ஓடுகின்றன. மற்றவற்றில் துரு; உள்ளே பச்சை பூத்திருக்கிறது.

"உங்க ரிப்போர்ட் மாதிரி ஒண்ண நான் பாத்ததே இல்ல மேடம்" என்றார் அவர். "பதினோரு பக்கம்! கோர்ட்டுக்குப் போனாக்கூட நிக்கும். இங்கேருந்து நல்லாத்தான் போயிருக்குன்னு தெளிவாத் தெரியுது. அங்க இப்ப மழைக்காலம். கூரையில ஒரு மூலை ஒழுகும்னு அந்த வாத்தியாரே எழுதியிருக்கார். ஒரு ஃபார்மாலிட்டிக்குக் கேக்கறேன், கட்டும்போது எல்லாம் சரியாத்தானே இருந்துது?"

"ரிப்போர்ட்ல இருக்கறதுதான் சார்" என்றேன்.

அறிக்கைப் படிவத்தில் எண், நேரம், திரை, ஒலி, விசைகள், வெளிப்புறக் கீறல் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. பலகைக்குக் கட்டம் இல்லை. நான் சொன்னது பொய் இல்லை என்று அன்று மாலை ரயிலில் திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரும்வரை எனக்கு நானே நிரூபித்துக்கொண்டு வந்தேன். அவர் பாராட்டியதை வீட்டுக்கு வந்து நாட்குறிப்பிலும் எழுதினேன். நீலத்தில். அந்தப் பக்கத்தை இப்போது புரட்ட நேர்ந்தால் கட்டைவிரலால் அந்த வரியை மறைத்துக்கொண்டு புரட்டுகிறேன்.

இரண்டு வாரத்தில் அறக்கட்டளை ஒரு முடிவுக்கு வந்தது. அந்தக் கிராமத்து நிலையம் இயந்திரங்களைப் பாதுகாக்கும் நிலையில் இல்லை. அதற்கு ஒதுக்கியிருந்த அடுத்த இருபது கம்ப்யூட்டர்கள் வேறு மாவட்டத்துக்குப் போகும். அதன் நகல் எனக்கும் வந்தது. ஆதாரமாக என் அறிக்கையை இணைத்திருந்தார்கள்.

அதற்கு மறுநாள் ஆசிரியரின் கடிதம். அதில் ஒரு வார்த்தைகூடக் குற்றச்சாட்டு இல்லை.

"மதிப்பிற்குரிய அம்மா, நீங்கள் இவ்வளவு கவனமாக அனுப்பியதை நாங்கள் கெடுத்துவிட்டோம். பெட்டிகளை ஒழுகாத மூலையில்தான் வைத்தேன். ஒரு வாரம் பிரிக்காமல் வைத்திருந்தேன், திறப்பு நாளுக்காக. அதுதான் தவறா என்று தெரியவில்லை. நான் எதைத் தவறாகச் செய்தேன் என்று நீங்கள் சொன்னால் மறுமுறை திருத்திக்கொள்வேன்." கடிதத்தோடு படங்கள். பிரிப்பதற்கு முன் எடுத்த ஒரு படத்தில், பிளாஸ்டிக் சுற்றின் உட்பக்கம் நெடுக நீர்த்துளிகள் தெரிந்தன.

படத்தை நான் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. பதிலாக ஒரு பட்டியல் எழுதினேன். கம்ப்யூட்டர்களை ஈரத்திலிருந்து காப்பது எப்படி, ஒன்பது குறிப்புகள். தரையில் வைக்காதீர்கள். சுவரிலிருந்து ஒரு கை தள்ளி வையுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது ஓடவிடுங்கள். இப்படியே ஒன்பது. ஒவ்வொன்றும் சரியான குறிப்புதான். எழுதி முடித்ததும் எனக்கு மனம் லேசானது. உதவி செய்துவிட்டேனாம்.

மாசி கடைசியில் நன்றிக் கடிதத்துடன் ஒரு படம் வந்தது. பழுப்புத் தாளில் என் ஒன்பது குறிப்புகளைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அடியில், "இந்தியா, சென்னையிலிருந்து ஒரு நிபுணர்" என்று இருந்தது. இருபுறமும் இளைஞர்கள் நிற்கிறார்கள். பாதிப் பேர் கையில் இன்னும் அந்த அட்டைக் கீபோர்டு.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காத்திவாக்கத்துக்காரி எதிரில் உட்கார்ந்து இறால் தொக்கை டப்பாவிலிருந்து வழித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, போனையே மொறச்சிகினுகீற? காட்டேன்."

காட்டினேன். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு போனை வாங்கினாள். "யாரு இந்தப் பசங்க? கலரு கலரா சட்டை போட்டுகினு, சோக்காகீறாங்க" என்று சிரித்தபடி அடுத்தடுத்த படங்களைத் தள்ளினாள். ஆசிரியர் முன்பு அனுப்பிய, பிரிக்காத பெட்டிகளின் படத்தில் விரல் நின்றது. நான் செய்யாததை அவள் செய்தாள். இரண்டு விரலால் படத்தை விரித்துப் பார்த்தாள்.

"அவங்க கூரை ஒழுகுது. அதான்" என்றேன்.

"இது கூரைத் தண்ணி இல்லக்கா. நம்ம ஊரு தண்ணி."

"எப்படிச் சொல்ற?"

"கூரைத் தண்ணின்னா மேலேருந்து எறங்கும். அட்டைப் பொட்டியப் பாரு. கறை கீழேருந்து ஏறிகீது. அடிப்பொட்டி நாஸ்தி, மேல்பொட்டி நல்லாகீது. இங்க பாரு, உப்புப் பூத்துகீது. இது நம்ம யார்டுல ஊறின பலகை. அங்க போயி ஒரு ஆளும் தண்ணி வுடல. நாமதான் தண்ணிய உள்ள வச்சுக் கட்டி, கப்பல்ல ஏத்தி, அனுப்பி வச்சோம்."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். "நாம" என்றுதான் சொன்னாள். அவள் சொன்னதை நான் கேட்டிருந்தால் அந்த "நாம" தேவைப்பட்டிருக்காது.

மூன்று மணிக்கு நான் அடுக்குப் பட்டியலை எடுத்தேன். எந்த எண் எந்த வரிசை என்று நானே குறித்த பட்டியல். ஓடுகிற ஏழு கம்ப்யூட்டர்களின் எண்களை ஆசிரியர் எழுதியிருந்தார். ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். ஏழில் ஆறு மேல் வரிசை. ஒன்று அதற்கு அடுத்தது. கீழ் இரண்டு வரிசைகளில் ஒன்றுகூட இல்லை. சரிபார்க்க இரண்டு நிமிடம்தான் ஆனது. தை மாதத்திலேயே என் மேசை இழுப்பறையில் அந்தப் பட்டியல் இருந்தது.

அன்றே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. நாற்பத்தொரு நாள் எழுதவில்லை. இதை நான் நாள் கணக்கோடு சொல்வதற்குக் காரணம், அந்த நாற்பத்தொரு நாளும் நாட்குறிப்பு எழுதினேன் என்பதுதான். மெட்ரோவில் கூட்டம் என்று எழுதினேன். மீஞ்சூர் தங்கை வீட்டுக்குப் போய் வந்ததை எழுதினேன். குழாயில் தண்ணீர் வந்த நேரத்தை எழுதினேன். இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. பேக்கிங் ஷெட்டுக்குப் போவதைத் தவிர்த்து, தாள்களை உதவியாளர் மூலம் கொடுத்தனுப்பினேன். ஒருநாள் வாசலில் நேருக்கு நேர் வந்துவிட்டாள்.

"கடுதாசி போட்டீங்களா மேடம்?"

"போடணும்."

"ம். இன்னும் நல்ல நாளு வரல போல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

என்னை எழுத வைத்தது என் மனசாட்சி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் ஆசிரியர் அனுப்பிய இன்னொரு செய்தி. எதையும் கேட்டு அவர் எழுதவில்லை. நலம் சொல்லித்தான் எழுதியிருந்தார். ஏழு கம்ப்யூட்டரில் முறை வைத்து வகுப்பு நடக்கிறதாம். இயந்திரங்கள் கெட்டது தன் கவனக்குறைவால்தான் என்று மாணவர்கள் முன் எழுந்து நின்று சொல்லிவிட்டாராம். அவர்கள் பெரிய மனதோடு நடந்துகொண்டார்களாம். பத்தொன்பது பேரில் பதினொரு பேர் இருக்கிறார்கள். முதலில் வேகமாகத் தட்டிய அந்தப் பெண், முறை வருவதற்கே மூன்று நாள் ஆவதால், அக்காவோடு புகையிலைத் தோட்டத்து வேலைக்குப் போய்விட்டாள். "அட்டைக் கீபோர்டை எங்களிடமே விட்டுச் சென்றாள். அடுத்து வருகிறவர்களுக்கு உதவும் என்றாள்."

வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். விரல்கள் அட்டையில் விழும் சத்தத்தை முழுவதும் கேட்க முடியவில்லை. பாதியில் நிறுத்தினேன். தண்டையார்பேட்டை மாடிப்படியடியில் அடுத்தவர் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்ற நாற்பது நிமிடங்கள் எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பெண்ணை அதே இடத்தில் நிற்க வைத்திருக்கிறேன். எனக்காவது இருபது நிமிடம் கிடைத்தது.

மறுநாள் மூன்று கடிதங்கள் எழுதினேன். அறக்கட்டளைக்கு, எங்கள் மேலாளருக்கு, ஆசிரியருக்கு. மூன்றிலும் நாட்குறிப்புப் பக்கத்தின் படத்தையும் அடுக்குப் பட்டியலையும் இணைத்தேன். கறுப்பு வரியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அடியில் எழுதினேன். பலகை ஈரமாக இருப்பதை அனுபவமுள்ள ஒருவர் எச்சரித்தார், நான் மறுத்தேன், கேட்டபோது மறைத்தேன். மூன்று வாக்கியம். எழுதத் தொடங்கி முடிக்க ஏழு நிமிடம் ஆனது.

மேலாளர் கூப்பிட்டு, "முடிஞ்சு போன விஷயத்த எதுக்கு மேடம் கிளறிக்கிட்டு?" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். "அன்னிக்கு நான் கேட்டேனே மேடம்" என்றார்.

"கேட்டீங்க சார்."

"அந்த இருபதும் வேற இடத்துக்குப் போய்ச் சேந்தாச்சு. அங்கேருந்து திருப்பி வாங்க முடியாது. அங்கயும் பசங்கதான் படிக்கறாங்க."

ஆசிரியரிடமிருந்து பதினேழு நாள் பதில் வரவில்லை. வந்தபோது சுருக்கமாக இருந்தது. "உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உண்மையைச் சொன்னதற்கு நன்றி. தவறு என்னுடையது என்று மாணவர்கள் முன் சொன்னேன். இப்போது இல்லை என்று சொல்ல வேண்டும். சிலர் நம்புவார்கள். ஊர்ப் பெரியவர்கள் நம்புவது கடினம். தப்பித்துக்கொள்ள இந்தியாவிலிருந்து கடிதம் வாங்கிவிட்டேன் என்பார்கள். குறிப்புகளைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். அவை தவறு என்பதற்காக அல்ல. அந்த அறையில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டு பாடம் நடத்த முடியவில்லை."

அதில் கோபம் இருந்தது. எனக்கு வந்த கடிதங்களிலேயே அதுதான் நேர்மையானது என்று தோன்றியது.

ஆவணியில் கணக்குப் பிரிவின் பதினொரு கம்ப்யூட்டர்களை மாற்றினார்கள். அவை அந்தக் கிராமத்துக்கே போக வேண்டும் என்று மேலாளரிடம் நான்கு முறை போய் நின்றேன். அறக்கட்டளையும் கடைசியில் ஒத்துக்கொண்டது. ஈரம் ஏறாத பிளாஸ்டிக் பேலட் கேட்டு எழுதினேன், வரவில்லை. அனுமதி வந்து, கன்டெய்னர் கிடைத்து, கப்பல் உறுதியாகும்போது மறுபடியும் ஐப்பசி. மறுபடியும் மழை. அதே டிரெய்லர் ஓட்டுநர், தலையில் அதே பிளாஸ்டிக் பை.

நான் ஷெட்டுக்குள் போனேன். பேலட்டை இந்த முறை தார்ப்பாய்க்கு அடியில் வைத்திருந்தார்கள். ஆனாலும் காற்று சாரலை உள்ளே அடித்திருந்தது. காத்திவாக்கத்துக்காரி ஒரு செய்தித்தாளைப் பலகை மேல் விரித்து, அதன் மேல் ஒரு பெட்டியை வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"பத்து நிமிசம் பொறு மேடம்" என்றாள்.

பத்து நிமிடம் கழித்துத் தாளை உரித்தெடுத்து என்னிடம் நீட்டினாள். எழுத்துகள் கலங்கியிருந்தன. நடுவில் பலகையின் கோடுகள் ஈரமாகப் பதிந்திருந்தன.

"வண்டிய அனுப்பிடு" என்றேன்.

ஓட்டுநர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "கட்டாமயா? மழையில வந்ததுக்கு ஒரு டீகூட இல்லியா? போன தபா அப்படி அவசரப்பட்டீங்க!"

"அதான் இந்த தபா இல்ல" என்றாள் அவள். "குந்து நைனா, டீ வரும். வண்டியிலயே துன்னறவனுக்கு இன்னா அவசரம்."

கப்பல் போய்விட்டது. நான் தவறவிட்ட முதல் கப்பல். ஆசிரியருக்குச் செய்தி அனுப்பினேன்: பலகை காயவில்லை, பன்னிரண்டு நாள் தாமதமாகும். உடனே பதில் வந்தது. "காத்திருக்கிறோம். தயவுசெய்து தவறாக நினைக்க வேண்டாம். பலகை காய்ந்ததும் படம் அனுப்ப முடியுமா? உங்கள் எழுத்து மட்டும் போதாது."

தவறாக நினைக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது. அன்றிலிருந்து தினமும் காலையில் பத்து மணிக்கு ஷெட்டுக்குப் போகிறேன். அவள் தாளை விரிக்கிறாள், பெட்டியை வைக்கிறாள், பத்து நிமிடம் நிற்கிறோம். உரித்த தாளை அவள் இரு கையால் பிடித்துக்கொள்ள, நான் படம் எடுத்து அனுப்புகிறேன். மறுமுனையில் பார்த்ததற்கான அடையாளம் மட்டும் வருகிறது.

இன்று ஐந்தாவது நாள். வானம் வெளுத்திருக்கிறது. தாளில் ஈரம் ஒரு கைக்குட்டை அளவுக்குச் சுருங்கியிருந்தது.

"எய்திக்கோக்கா" என்றாள் அவள். "இன்னும் காயல."

நாட்குறிப்பைத் திறந்து எழுதினேன். பலகை ஈரம், காலை 10.10. நீலத்தில்.